நாகலோகத்தில் இறந்தவருக்கு ஒரு பதாகை

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் "நான்" என்று சொன்னால் அது அவரல்ல. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். கூண்டில் நிற்பவர் தமிழில் "நான் வெட்டினேன்" என்றால் நானும் சிங்களத்தில் "நான் வெட்டினேன்" என்றே சொல்ல வேண்டும். "வெட்டியதாகச் சொல்கிறார்" என்று நழுவக்கூடாது. அப்படிப் பார்த்தால் என் வேலைக்காலத்தில் நான் மாடு திருடியிருக்கிறேன், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சியிருக்கிறேன், அனுமதியில்லாமல் மாணிக்கக் குழி தோண்டியிருக்கிறேன், சொந்த அண்ணனையே கத்தியால் குத்தியிருக்கிறேன். சாயந்தரம் வீட்டுக்குப் போய் அரிசி களைந்து உலையும் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் ஓப்பநாயக்கவில் என் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்திருந்தாள். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்பெல்லாம் தமிழ்ல பேசினா போனே சிங்களத்துல சொல்லிருது மிஸ். கொஞ்ச நாள்ல நம்மள வேணாம்னு சொல்லிருவாங்களோ?"

 அவள் போன பிறகு ஒரு வழக்கின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்த வழக்கு. இரத்தினபுரி மாவட்டத்தின் ஒரு சின்ன நகரம். நீதிமன்றத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் அப்பா கடைத்தெருவில் சில்லறைக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், கடை வாசலில் சிங்களம். எந்த மொழியை எப்போது கற்றேன் என்று எனக்கே தெரியாது. பரீட்சை எழுதித் தேறியதும் இரத்தினபுரியில் பயிற்சிக்குப் போட்டார்கள். எங்கள் பதவிக்கு மொழிபெயர்ப்பாளர் முதலியார் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம். சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெண்ணாக இருந்தாலும் முதலியார்தான். எனக்குப் பயிற்சி தந்த பெரிய முதலியார் ஒரு மலாய்க்காரர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே நிதானத்தில் பேசுவார். முதல் வாரத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் நடந்த சண்டை வழக்கு ஒன்று வந்தது. சாட்சி சொன்ன வசைச்சொற்களைக் கேட்டு நான் கூசிப்போய், "கெட்ட வார்த்தைகளால் ஏசினார்" என்று முடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் குனிந்து காதோடு சொன்னார்:

"நீதவானுக்கு அந்தச் சொல் வேணும் புள்ள. உன் வெட்கம் வேணாம்."

அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். காது சிவக்கச் சிவக்கச் சொன்னேன்.

பிறகு ஒரு மரண வழக்கு. தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஒருவருடைய உடல் கிடைத்தது. தள்ளிவிட்டார்களா, தானாக விழுந்தாரா என்பதுதான் கேள்வி. பக்கத்து லயத்து அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி, "அன்னைக்கு வெடியக்காலையில இருந்தே அவரு தண்ணியிலதாங்க இருந்தாரு" என்றார். தோட்டத்தில் அப்படிச் சொன்னால் காலையிலிருந்தே குடிபோதையில் இருந்தார் என்று அர்த்தம். ஆனால் உடல் கிடைத்ததும் தண்ணீரில்தானே? நான் எழுந்து, இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, எது என்று சாட்சியிடமே கேட்க நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்டார்கள். "குடிச்சிருந்தாருங்க" என்றார் அந்த அம்மா. பெரிய முதலியார் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "நீயா ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்காம இருந்தியே, அதுதான் வேலை" என்றார். எனக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அது.

அதற்குப் பிறகு எத்தனையோ நீதவான்களிடம் வேலை பார்த்தேன். நான் சொல்லவந்த வழக்கில் இருந்தவர் நடுத்தர வயதுக்காரர், தென்பகுதி ஆள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் பதில் வரும்போது என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் புரிகிற மொழி என் வாயிலிருந்துதான் வரும். இவர் என்னைப் பார்க்கவே மாட்டார். கூண்டில் நிற்பவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பேசும்போதும் பார்ப்பார், நான் பேசும்போதும் அவரையே பார்ப்பார். என் குரல் அந்த மனிதருக்குள்ளிருந்து வருவதுபோல எனக்கே தோன்றிவிடும். யாரையும் அதட்டமாட்டார். கட்டளை சொல்வதற்கு முன் பேனாவை மூடி மேசைமேல் வைப்பார். பேனா மூடியிருந்தால் முடிவு வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

இனி ஒளிவேந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒளிவேந்தன் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன். வட இந்தியாவில் எடுத்த மாயக்கதை. தமிழ்நாட்டில் தமிழாக்கி ஒளிபரப்பினார்கள். தோட்டங்களில் லயத்துக்கு லயம் டிஷ் இருக்கிறதல்லவா, அதில் வரும். கதை இதுதான்: நாகலோகத்து அரசன் ஒரு வாளைக் கொடுத்து ஒரு சாபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான். ஒருவரைக் காப்பாற்ற ஒளிவேந்தன் அந்த வாளை உருவும்போதெல்லாம் அவனுடைய ஞாபகம் ஒன்று அழிந்துபோகும். முதலில் விளையாடிய இடங்கள் மறந்தன. பிறகு பாடத் தெரிந்த பாட்டு. பிறகு கட்டப்போகிற பெண்ணின் முகம். ஒவ்வொரு முறையும் அவனுக்கு அது தெரியும், தெரிந்தே உருவுவான்.

மலைப் பெண்கள் அந்த நேரத்துக்காகக் கொழுந்து நிறுவையில் வரிசை பிந்தினால் சண்டை போட்டார்கள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவன் படம் தொங்கிய வீடுகள் உண்டு. கோயில் திருவிழாவில் பொம்மை வாள் வாங்கிக்கொண்டு நம் பிள்ளைகள் "எனக்கு ஒங்களைத் தெரியலையே" என்று அழுது காட்டி விளையாடினார்கள். கிண்டல் செய்கிற உரிமை எனக்கு இல்லை. நானும் பார்த்தேன். கணவர் செய்தி பார்க்க வேண்டும் என்று முனகினாலும் ரிமோட்டைக் கொடுக்கமாட்டேன். நாள் முழுக்க மற்றவர்களின் குற்றங்களை "நான், நான்" என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு, தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைக்கிற ஒருவனைப் பார்ப்பதில் ஏதோ ஒன்று இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஒளிவேந்தன் செத்துப்போனான். நாகலோகத்து வாசலில், தன் ஊர் சனங்கள் முழுவதையும் காப்பாற்றிவிட்டு, கடைசி முறையாக வாளை உருவி முடித்திருந்தான். மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவனுடைய அம்மா அழுகிறாள். அவன் அவளைப் பார்த்து, "யாரம்மா செத்துப்போனது? எதற்காக அழுகிறீர்கள்?" என்று கேட்கிறான். அவ்வளவுதான். நான் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டேன். கணவர்கூட எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார்.

அந்த வார இறுதியில், மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் அவனுக்கு ஒரு பதாகை வைத்தார்கள். தோட்டத்துப் பாதை சிங்களக் கிராமத்து வீதியோடு சேரும் சந்தி, பஸ் நிற்கும் இடம். ஒளிவேந்தனின் முகம், கையில் வாள், பின்னால் நெருப்பு. கீழே பெரிய எழுத்தில்: மாவீரன் ஒளிவேந்தனுக்கு எங்கள் வீரவணக்கம்.

வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ரசிகர்கள் பதாகையில் போடுகிற சொற்கள்தான் இவை. ஆனால் நம் நாட்டில் போர்க்காலத்தில் ஆயுதம் ஏந்திச் செத்தவர்களுக்கு வடக்கில் சொல்லப்பட்ட சொற்களும் இவையே. அவர்களை நினைத்து விளக்கேற்றும் மாதமும் கார்த்திகைதான். அப்போது நடந்துகொண்டிருந்ததும் கார்த்திகை. தோட்டத்தில் கார்த்திகை விளக்கீடு எப்போதும் உண்டு. பிள்ளைகள் கையில் மிஞ்சிய விளக்குகளைக் கொண்டுபோய்ப் பதாகையின் கீழும் ஏற்றிவிட்டார்கள். தப்பு அடித்தார்கள். பெண்கள் பாதி விளையாட்டாகவும் பாதி நிசமாகவும் ஒப்பாரி வைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற யாரோ அதைப் போனில் பிடித்து அனுப்ப, அது ஊர் ஊராகப் போய், ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் ஜீப் மலைக்கு ஏறியது. பதாகையைக் கட்டியவர்கள் என்று இரண்டு பேரைப் பிடித்தார்கள். யோகராஜ், தினேஷ். யோகராஜ் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தவன். பதாகை அவன் செலவு.

திங்கட்கிழமை காலை நீதிமன்றப் படிக்கட்டில் அவன் அம்மா பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டார். மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் தடம் சேலையில் அப்படியே இருந்தது.

"மிஸ், ஒங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியுமாமே. செத்தது டீவியில வர்ற புள்ளைன்னு அந்த ஐயாகிட்ட நீங்களே சொல்லிருங்க மிஸ். ஒங்க வாயால ஒரு வார்த்தை."

"நானா எதையும் சொல்ல முடியாதும்மா. ஒங்க மகன் சொன்னா, அதை ஒரு எழுத்து விடாம ஐயாகிட்ட கொண்டு போய்ச் சேர்ப்பேன்."

"அவன் பயத்துல வாயே தொறக்க மாட்டேங்கிறானே மிஸ்."

நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த அம்மா சொன்னது எனக்குத் தெரியும். அந்த நீதிமன்றத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் நான் சாட்சி இல்லை. நான் வாய் திறந்து "அது தொலைக்காட்சி நாடகம் ஐயா" என்றால், அந்த நிமிடமே நான் ஒரு பக்கத்து ஆள். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்க்கிற ஒவ்வொரு சொல்லையும் பொலிஸ் சந்தேகிக்கலாம், சந்தேகிப்பதும் நியாயம். அன்றைக்கு மட்டும் அல்ல, அடுத்து வருகிற எல்லாத் தோட்டத்து ஆட்களின் வழக்கிலும்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி எழுந்து அறிக்கை வைத்தார். பிணை சுலபத்தில் கிடைக்காத பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணை நடப்பதாகவும், அது முடியும்வரை இருவரையும் விளக்கமறியல் சிறையில் வைக்க வேண்டும் என்றும் கேட்டார். பதாகையின் புகைப்படம், ஒப்பாரிக் காட்சி, சிங்கள மொழிபெயர்ப்பு எல்லாம் இணைத்திருந்தார். ஒளிவேந்தன் என்பது ஓர் இயக்கப் பெயராக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் போரில் செத்தவர்கள் பலருக்கு அப்படித் தனித்தமிழில்தான் பெயர் இருந்தது. பொறுப்பதிகாரி கெட்டவர் அல்ல. முறைப்பாடு வந்தது, ஊரில் பதற்றம் இருந்தது, செய்யாமல் விட்டிருந்தால் அவர் தலைதான் உருண்டிருக்கும்.

"இந்த மொழிபெயர்ப்பை யார் செய்தது?" என்று நீதவான் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கடமையில் இல்லை, சுவாமினி. போனில் செய்தோம்."

சிங்கள நீதிமன்றத்தில் நீதவானைச் சுவாமினி என்றுதான் அழைப்பார்கள். நம் தோட்டத்து ஆட்களும் பழக்கத்தில் சாமி என்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

நீதவான் புகைப்படத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் முதலில் எழுத்தை அப்படியே வாசித்து, பிறகு சிங்களத்தில் சொன்னேன். மாவீரன், பெரிய வீரன். வீரவணக்கம், வீரனுக்குச் செலுத்தும் வணக்கம். சொல்லி முடித்ததும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. பொலிஸ் மொழிபெயர்ப்புக்கும் என்னுடையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையன்களுக்காக வந்திருந்த இளம் சட்டத்தரணிக்கு முகம் செத்துப்போனது. பின்வரிசையில் பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களம் அவருக்கு நன்றாகவே புரியும்.

நான் உட்காரவில்லை.

"சுவாமினி, இந்தச் சொற்களுக்கு இரண்டு பயன்பாடுகள் உண்டு. போரில் இறந்தவர்களுக்கும் பயன்பட்டிருக்கின்றன. திரைப்பட நடிகர்கள், கதை நாயகர்கள் ஆகியோருக்கு ரசிகர்கள் வைக்கும் பதாகைகளிலும் பயன்படுகின்றன. இரண்டையும் பதிவு செய்ய வேண்டியது என் கடமை."

"இந்த இடத்தில் எந்தப் பயன்பாடு?"

நாக்கு நுனியில் இருந்தது. ஒரு சொல் போதும். பெரிய முதலியார் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டார், ஆனால் அன்றைக்கு என் பின்னால் உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது.

"அதை நான் சொல்ல முடியாது, சுவாமினி. எழுதியவர்தான் சொல்ல வேண்டும்."

நீதவான் யோகராஜின் பக்கம் திரும்பினார். சட்டத்தரணியிடம், உங்கள் கட்சிக்காரர் விரும்பினால் பதில் சொல்லலாம், கட்டாயம் இல்லை என்றார். சட்டத்தரணி தலையசைத்தார். யோகராஜ் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்திருந்தான்.

"ஒளிவேந்தன் என்பவர் உயிரோடு இருக்கிறாரா?"

நான் தமிழில் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செத்துட்டாருங்க சாமி. வெள்ளிக்கெழமை."

சிங்களத்தில் சொன்னேன். பொறுப்பதிகாரி சட்டென்று நிமிர்ந்தார்.

"எங்கே?"

"நாகலோகத்து வாசல்லங்க."

நாகலோகம் சிங்களத்திலும் நாகலோகம்தான். அதே குரலில், முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. யோகராஜின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"யார் கொன்றது?"

"யாரும் கொல்லலைங்க சாமி. எல்லாரையும் காப்பாத்திட்டு அவராத்தான் செத்தாரு. அது நாடகமுங்க. டீவியில வர்றதுங்க."

"நாடகத்தில் செத்தவருக்கு எதற்குப் பதாகை?"

இந்தக் கேள்வியை நான் தமிழில் சொன்னபோது யோகராஜ் முதல்முறையாகத் தலை தூக்கினான். பயம் போன மாதிரி இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது.

"சாகுறப்போ அவரு யாருன்னு அவருக்கே தெரியலைங்க. பெத்த தாயையே தெரியலை. யாருக்காகச் செஞ்சோம்னும் தெரியலை. அத்தனை பேருக்குச் செஞ்சிட்டு ஒண்ணுமே இல்லாமப் போயிட்டாரேன்னு எங்களுக்கு மனசு கேக்கலைங்க. பேரையாவது எழுதி வைப்போம்னு எழுதினோம். அவரு செத்தப்போ நான் அழுதேன். வேற ஒண்ணும் இல்லைங்க சாமி."

நான் சிங்களத்தில் ஆரம்பித்தேன். சாகும்போது அவர் யாரென்று அவருக்கே தெரியவில்லை. பெற்ற தாயையே தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகக் கொண்டுபோய் வைத்தேன். கடைசிக்கு முந்தைய வாக்கியத்துக்கு வந்தபோது நின்றுவிட்டேன். அவர் இறந்தபோது நான் அழுதேன். சிங்களத்தில் அது சின்ன வாக்கியம். எத்தனையோ வருடங்களாக மற்றவர்களின் "நான்" என் வாயால் போயிருக்கிறது, ஒன்றும் என்னைத் தொட்டதில்லை. அன்றைக்கு அந்த "நான்" அவனா, நானா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் கம்மித்தான் போயிற்று.

அப்போதுதான் தட்டச்சுச் சத்தம் நின்றதைக் கவனித்தேன். எங்கள் சுருக்கெழுத்தாளர் நிலந்தி, அமைதியான பெண், வேலையில் ஒரு பிசகு வராது. விசைப்பலகை மேல் கையை வைத்தபடியே கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார் நீதவான்.

நிலந்தி எழுந்தாள். "மன்னிக்க வேண்டும், சுவாமினி. வாளை எடுத்தால் ஞாபகம் போகும், அந்தக் கதையா இது? அது நம் ரஷ்மிராஜ அல்லவா? எங்கள் வீட்டில் தினமும் பார்க்கிறோம்." பிறகு தன்னை அறியாமலே, "அப்படியானால் அவர் சாகப்போகிறாரா?" என்றாள்.

அதே தொடர்தான். சிங்களத்தில் வேறொரு பெயர் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். தமிழைவிடப் பல மாதம் பின்னால். எனக்கே தெரியாது. அந்த மண்டபத்தில் பாதிப்பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். சட்டத்தரணிகள் வரிசையிலிருந்துகூட ஓர் அம்மா "ஐயோ" என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு சாவுச் செய்தி வந்த வீடுபோல இருந்தது.

 நீதவான், நிலந்தி சொன்னதைச் சாட்சியமாக எடுக்க முடியாது, அதைப் பதிய வேண்டாம் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். பதாகையில் இருப்பது யார் என்பதை இரண்டு மொழித் தொடர்களையும் பார்த்து உறுதி செய்து அறிக்கை தர வேண்டும். ஒப்பாரிக் காட்சியைப் போனிடம் கொடுக்காமல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அதுவரை விளக்கமறியல், அடுத்த தவணை நாள் மிகக் கிட்டியதாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் அன்றைக்கு அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். "அறிக்கையை எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள்" என்று பொறுப்பதிகாரியிடம் சொன்னார்.

ஒப்பாரியை அன்று மத்தியானமே உட்கார்ந்து செய்தேன். "வாளெடுத்த கையாலே வழி மறந்து போனாயோ, பேரெடுத்த எங்க ராசா பேர் மறந்து போனாயோ." இதைப் போன் "எங்களுக்கு வாளைக் கொடுத்துப் போனாயோ" என்று சொல்லியிருந்தது. நான் வரிக்கு வரி எழுதினேன். அழகாக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

அடுத்த தவணைக்குப் பொறுப்பதிகாரி அவராகவே வந்தார். பதாகையில் இருப்பது தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரம், இருவர் மீதும் மேற்கொண்டு விசாரணை இல்லை, விடுவிப்பதில் ஆட்சேபமில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. "என் அம்மா என்னோடு பேசுவதில்லை, சுவாமினி. கதை முடிவு வீட்டில் தெரிந்துவிட்டது" என்றார். நீதவான் அன்றைக்குத்தான் சிரித்தார்.

வெளியே பாக்கியம் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "நீங்க அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலைன்னு எனக்குக் கோவம் மிஸ்" என்றார். "இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றேன். 

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. பையன்கள் கைவிலங்கோடு ஜீப்பில் ஏறும் படம், அவர்களை விடுவித்த செய்தியைவிட வேகமாகப் போயிருந்தது. கொழும்புத் துணிக்கடையில் யோகராஜை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் சும்மா இருந்தான். பிறகு மாமன் ஒருவரின் த்ரீவீலை எடுத்து ஓட்ட ஆரம்பித்தான். தோட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் எதற்கும் பதாகை வைக்கவில்லை. கோயில் திருவிழா அறிவிப்பைக்கூட ஒரு முறைக்கு இரண்டு முறை கிராமசேவகரிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை, அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு யோகராஜின் த்ரீவீலில்தான் திரும்பினேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டு, "வாங்க மிஸ், நான் கொண்டுபோய் விடுறேன்" என்று ஏற்றிக்கொண்டான். சந்திக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான்.

அந்த பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பதாகை. அதே முகம், அதே வாள். சுற்றிலும் வெள்ளைக் கொடிகள், கீழே மண்விளக்குகள், பூ வைத்த தட்டு. சிங்களத்தில் அவன் முந்தைய வாரம்தான் செத்திருக்கிறான். கிராமத்துப் பையன்கள் சிலர் வெயிலில் நின்று விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக ஒரு பொலிஸ் மோட்டார்சைக்கிள் வந்தது. ஓட்டியவர் பதாகையைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

யோகராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"எனக்குச் சிங்களம் கொஞ்சம் பேச வரும், வாசிக்க வராது மிஸ். என்ன எழுதியிருக்கு?"

நான் முதலில் எழுத்தை அப்படியே வாசித்தேன். ரணவிரு ரஷ்மிராஜவுக்கு எங்கள் ஊரின் கடைசி மரியாதை, நிவன் சுகம், அதாவது நிர்வாணப் பேறு, கிட்டட்டும். வாசித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினேன். ரணவிரு என்பது சிங்களப் பக்கம் போரிட்ட, போரில் செத்த படைவீரர்களுக்குச் சொல்கிற சொல்.

"அந்த ரணவிருன்னா என்ன மிஸ்? தமிழ்ல எப்படிச் சொல்லுவீங்க?"

"மாவீரன்."

அவன் பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நாங்க எழுதின அதே சொல்லுதானே?"

"அதே சொல்தான்."

எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "யோகா மல்லி, அந்த மூலை அவிழ்ந்துவிட்டது, எனக்கு எட்டவில்லை" என்று சிங்களத்தில் கூப்பிட்டான். மல்லி என்றால் தம்பி. மேலே ஒரு பக்கத்துக் கயிறு கழன்று, ஒளிவேந்தனின் முகத்தில் பாதி காற்றில் மடங்கி மடங்கி அடித்துக்கொண்டிருந்தது.

யோகராஜ் எஞ்சினை நிறுத்தினான். சந்தியின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தான். பிறகு இறங்கிப் போய், மதகுச் சுவரில் ஏறி நின்று, அந்தக் கயிற்றை இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சாகப் போட்டான்.